தூம்புப் பலகை யார் கையில்?

கொச்சி நகரத்து இடக்கொச்சியில் கார்த்திகை அமாவாசையை ஒட்டிய ஒரு விடியற்காலை. மழை இல்லை, காற்று இல்லை, வானத்தில் நட்சத்திரம் தெரிகிறது. காயலோரத்துச் சந்தில் இருந்த அந்த ஓட்டு வீட்டுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. வாசல்படி காய்ந்து கிடந்தது. தண்ணீர் வந்தது கழிப்பறை வழியாகவும், சமையலறை மூலையில் தரை விரிசல் விட்ட இடத்திலிருந்தும். சத்தமே இல்லை. அக்கம்பக்கத்தார் சேச்சி என்று அழைக்கும் அந்த வீட்டுப் பெண்மணி அரிசி வாளியைத் தூக்கி மேசைமேல் வைத்தார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு பென்சில் துண்டை எடுத்து, தண்ணீர் நின்ற மட்டத்தில் சுவரில் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதியை எழுதினார். அதற்குக் கீழேயும் மேலேயும் ஏற்கெனவே பல கோடுகள் இருந்தன.

ஃபிரிட்ஜ் நான்கு சிமென்ட் கற்களின் மேல் நின்றது. போன வருஷம் இரண்டு கல் போதுமாக இருந்ததாம். கட்டில் கால்களுக்கும் கல். இடுப்பு உயரம் வரை சுவரின் பூச்சு உதிர்ந்து செங்கல் வெளியே தெரிகிறது. அந்தச் செங்கல்லை விரலால் தேய்த்தேன். மாவாக உதிர்ந்து கையில் ஒட்டியது. உப்பு அரித்த செங்கல் அப்படித்தான் ஆகும். வருஷத்துக்கு ஒருமுறை பூசினாலும் அடுத்த தைக்குள் விழுந்துவிடுகிறது. வெள்ளம் வந்துபோன வீட்டைக் கழுவிவிட்டால் மறுபடி குடியிருக்கலாம். இந்த வீட்டை உப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கிறது.

மலையாளத்தில் இதற்கு வேலியேற்றம் என்று பெயர். விருச்சிக மாதத்தில், அதாவது நம் கார்த்திகையில், கடுமையாக இருப்பதால் விருச்சிக வேலியேற்றம் என்றும் சொல்வார்கள். நம் கடற்கரைக்காரர்கள் ஓதம் என்பது இதைத்தான். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் பொங்கிக் காயலுக்குள் ஏறுவது ஆதிகாலத்திலிருந்தே நடப்பது. கொச்சியில் ஓதத்தின் ஏற்றமும் வற்றமும் ஏறக்குறைய ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். உலகக் கணக்கில் அது சின்ன ஓதம்தான். இங்கே பிறந்து வளர்ந்த பெரியவர்கள், தங்கள் சிறு வயதில் தண்ணீர் முற்றத்து விளிம்பைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போகும் என்கிறார்கள். இப்போது அது கட்டிலுக்கடியில் வந்து படுத்துக்கொள்கிறது.

ஏன் என்று கேட்டால் ஒற்றைப் பதில் கிடைக்காது. கடல்மட்டம் உயர்கிறது. 2018 பெருவெள்ளம் மலையிலிருந்து இறக்கிய வண்டல் காயலின் அடியில் படிந்து கிடக்கிறது. தண்ணீர் பரவிக் கிடந்த பொக்காளி நெல்வயல்கள் மண்ணடித்து மேடாக்கப்பட்டன. அலையாத்திக் காடுகள் வெட்டப்பட்டன. தோடு என்று இங்கே சொல்லப்படும் வாய்க்கால்கள் இருபுறமும் கட்டடம் எழும்பிச் சாக்கடை அளவுக்குச் சுருங்கின. இன்னும் பின்னால் போனால், 1920-களில் ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் கொச்சி முகத்துவாரத்து மணல்திட்டைத் தோண்டிப் பெரிய கப்பல்களுக்கு வழி திறந்ததும், தோண்டிய மண்ணைக் கொட்டி வெலிங்டன் தீவை உண்டாக்கியதும் இந்தக் காயலின் வரலாற்றில்தான் இருக்கின்றன. ஒவ்வொரு முடிவும் ஏதோ ஒரு நன்மையைச் சொல்லித்தான் எடுக்கப்பட்டது. அந்த மேசைகளில் எதிலும் காயலோரத்து வீட்டுக்காரி உட்கார்ந்திருக்கவில்லை.

என் கவலை அந்த மேசையைப் பற்றியது. நிலைத்த வளர்ச்சி, காலநிலைத் தாங்குதிறன் என்று நாம் பேசாத கருத்தரங்கு இல்லை. ஐ.நா. 2015-ல் வகுத்த 17 இலக்குகளில் பதினொன்றாவது, நகரத் திட்டமிடலில் எல்லாரும் பங்கேற்க வேண்டும் என்கிறது. 1992 ரியோ மாநாட்டுப் பிரகடனத்தின் பத்தாவது கோட்பாடு, சுற்றுச்சூழல் விவகாரங்களைச் சம்பந்தப்பட்ட குடிமக்கள் அனைவரும் பங்கேற்றுக் கையாள்வதே சிறந்தது என்றது. இதையெல்லாம் ஒப்புக்கொண்ட நாட்டில், சேச்சியின் சுவர்க்கோடு எந்தக் கோப்பில் ஏறும்? யார் அதை ஏற்ற வேண்டும்?

இடக்கொச்சி, கொச்சி மாநகராட்சியின் தென்கோடி. வடக்கே பள்ளுருத்தி. கண்ணங்காட்டுப் பாலம் ஏறினால் வெலிங்டன் தீவு. தெற்கே பாலம் தாண்டினால் ஆலப்புழை மாவட்டத்து அரூர். கிழக்கே காயலுக்கு அக்கரையில் கும்பளம். பெரும்படப்பு வந்து அங்கிருந்து பாலம் ஏறினால் கும்பளங்கி. எல்லாவற்றையும் சுற்றி ஒரே காயல், ஒரே உப்பு, ஒரே அமாவாசை. ஆனால் கும்பளங்கி கிராம ஊராட்சி. இடக்கொச்சி மாநகராட்சி வார்டு. இந்த ஒரு வேறுபாட்டில் பெரிய அநியாயம் ஒன்று ஒளிந்திருக்கிறது. பலரும் அதைக் கவனிப்பதில்லை.

கும்பளங்கியில் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். யாரும் அவரை நியமிக்க வேண்டியதில்லை, யாரும் அழைப்பிதழ் தர வேண்டியதில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 73-வது திருத்தம் கிராம சபைக்கு அப்படித்தான் இலக்கணம் வகுத்திருக்கிறது. 1994-ஆம் ஆண்டின் கேரள பஞ்சாயத்து ராஜ் சட்டம் ஒரு படி மேலே போய், கிராம சபையை வார்டு தோறும் வைத்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட்ட வேண்டும். தொடர்ந்து கூட்டாமல் விடும் வார்டு உறுப்பினரின் பதவியே பறிபோக இடமுண்டு. நம் தமிழ்நாட்டில் ஓர் ஊராட்சி முழுவதற்கும் ஒரே கிராம சபை. ஆயிரக்கணக்கானோருக்கு ஒரு பந்தல், ஒரு மைக். கேரளத்தில் தெருக்காரர்கள் தெருக்காரர்களோடு உட்காருகிறார்கள்.

நகரத்துக்கு வந்த 74-வது திருத்தம் வேறு மாதிரி எழுதப்பட்டது. மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்றது; அதில் யார் இருப்பார் என்பதை மாநிலங்களுக்கு விட்டுவிட்டது. கேரள நகராட்சிச் சட்டம், ஒரு லட்சத்துக்கு உட்பட்ட நகராட்சிகளில் எல்லா வாக்காளரும் சேர்ந்த வார்டு சபையை வைத்தது. ஒரு லட்சத்தைத் தாண்டிய நகரங்களுக்கு வார்டு கமிட்டி. குடியிருப்போர் சங்கங்களின் பிரதிநிதி, அயல்கூட்டங்களின் பிரதிநிதி, கட்சிகளின் பிரதிநிதி, கல்விக்கூடங்களின் தலைவர்கள், தொழில் அமைப்பினர், தொழிற்சங்கத்தினர் என்று பலரும் அதில் உண்டு. எந்த அமைப்பிலும் இல்லாத ஒரு சாதாரண வாக்காளருக்கு அங்கே சொந்த உரிமையில் நாற்காலி இல்லை. கவுன்சிலர் நல்லவராக இருந்தால் எல்லாரையும் கூப்பிடுவார். கூப்பிடாவிட்டால் கேட்க வழியில்லை.

1967 நவம்பர் 1-ஆம் தேதி கொச்சி மாநகராட்சி உருவானபோது பள்ளுருத்தி முதலான ஊராட்சிகள் அதில் கரைந்தன. பெருநகரத்தின் பகுதியாவதில் பெருமை இருந்தது. குழாய்த் தண்ணீர் வரும், சாலை வரும் என்ற நம்பிக்கையும் இருந்தது. கால் நூற்றாண்டு கழித்துக் கிராமத்தானுக்குக் கிடைத்த சபை உரிமை, நகரத்தானாகிவிட்ட இவர்களுக்கு அந்த வடிவில் கிடைக்கவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஏறினால் அந்த வீட்டுக்காரி சபையில் எழுந்து நின்று பேசலாம், தீர்மானம் கேட்கலாம், பதிவேட்டில் ஏற்றச் சொல்லலாம். இந்தப் பக்கத்துச் சேச்சி யாராவது ஒரு பிரதிநிதியைத் தேடிப் போக வேண்டும்.

அந்த உரிமை இருப்பதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்குக் கேரளமே பதில் வைத்திருக்கிறது. 1996 ஆகஸ்ட் 17, சிங்கம் ஒன்றாம் தேதி, மலையாளப் புத்தாண்டு நாளில் மக்கள் திட்டமிடல் இயக்கம் தொடங்கியது. மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு என்று ஒதுக்கிவிட்டு, என்ன வேண்டும் என்று கிராம சபைகளில் கேட்டார்கள். வழக்கமாக முதலில் மக்களைப் பேசவிடுவார்கள், பணத்தைப் பிறகு பார்க்கலாம் என்பார்கள். இங்கே பணம் முதலில் வந்தது. உள்ளாட்சித் திட்ட நிதியில் பத்து சதவீதம் பெண்களுக்கான திட்டங்களுக்கு என்று ஒதுக்கினார்கள். 1998-ல் குடும்பஸ்ரீ என்ற பெண்கள் சுயஉதவி அமைப்பு பிறந்தது. வாராவாரம் கூடும் அயல்கூட்டங்களில் உட்கார்ந்து பழகிய பெண்கள் பிறகு கிராம சபைக்கு வந்தபோது தரையைப் பார்த்துப் பேசவில்லை. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989-ல் தொடங்கிய மக்கள் பட்ஜெட்டை உலகமே புகழ்கிறது. அதற்கு எந்த வகையிலும் குறையாத பரிசோதனை நம் பக்கத்து மாநிலத்தில் நடந்திருக்கிறது. இயக்கத்தின் வேகம் பின்னாளில் குறைந்தது, கூட்டங்களில் பயனாளிப் பட்டியல் வாசிப்பதே வேலையாகிப்போனது என்ற விமர்சனம் உண்மைதான். ஆனாலும் கட்டமைப்பு நிற்கிறது. அதற்கு உயிரூட்டினால் அசையும்.

அசைந்த ஓர் உதாரணம் இதே ஓதத்தைப் பற்றியது. கும்பளங்கி, ஏழிக்கரை, புத்தன்வேலிக்கரை ஊராட்சிகளில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் கொச்சியைச் சேர்ந்த ஈக்வினாக்ட் என்ற நீரியல் ஆய்வுக் குழுவும் குடும்பஸ்ரீ பெண்களோடு சேர்ந்து ஒரு வேலை செய்தார்கள். வீடுகளுக்கு நாள்காட்டி கொடுத்தார்கள். எந்தத் தேதியில் தண்ணீர் வந்தது, முற்றம் வரையா, வீட்டுக்குள்ளா, எவ்வளவு உயரம் என்று அந்தந்த நாளின் கட்டத்தில் வீட்டுக்காரர்களே குறித்தார்கள். அதுவரை ஓத வெள்ளம் அரசுக் கணக்கில் பேரிடராகப் பெரிதாகப் பதிவானதில்லை. ஒரே நாளில் ஊரை அடித்துக்கொண்டு போகாத தண்ணீரைப் பேரிடர் என்று சொல்ல யாருக்கும் மனம் வருவதில்லை. வீட்டுக்கு வீடு குறித்த தேதிகளை வரைபடத்தில் வைத்தபோது எந்தத் தோடு அடைபட்டிருக்கிறது, எந்தப் பகுதி முதலில் மூழ்குகிறது என்பது தெரியத் தொடங்கியது. செயற்கைக்கோளால் ஒரு வீட்டின் கழிப்பறைக்குள் எட்டிப் பார்க்க முடியாது. அந்த வீட்டுப் பெண்ணுக்குத் தெரிந்த தகவல் அது. அவர் சொன்னால்தான் விஞ்ஞானிக்கும் தெரியும்.

சேச்சி சுவரில் செய்துகொண்டிருப்பது அதே ஆய்வுதான். நாள்காட்டி மட்டும் அவருக்கு யாரும் தரவில்லை.

கிராம சபை இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் நம்பவில்லை. அந்தச் சபையிலும் யார் வர முடிகிறது என்ற கேள்வி நிற்கிறது. அரூர், இடக்கொச்சி வட்டாரம் கடல் உணவு ஏற்றுமதிக்குப் பேர்போனது. இறால் தோல் உரிக்கும் ஷெட்டுகளில் பெரும்பாலும் பெண்கள்தான் வேலை செய்கிறார்கள். பனிக்கட்டியில் கிடந்த இறாலை உரித்து உரித்து விரல்நுனி வெளிறிப்போயிருக்கும். உரித்த எடைக்குத்தான் கூலி. கூட்டம் வேலைநாள் காலை பதினோரு மணிக்கு என்று அறிவித்தால், அதற்குப் போகும் பெண் அரை நாள் கூலியை விட்டுவிட்டுப் போக வேண்டும். கூட்டத்துக்கு யார் வருவார் என்பதை அந்தக் கடிகாரமே முடிவுசெய்துவிடுகிறது. ஓய்வுபெற்றவர்கள் வருவார்கள், கட்சிக்காரர்கள் வருவார்கள். அவர்கள் வரட்டும், அதில் குறை இல்லை. ஆனால் தண்ணீரை வாளியில் அள்ளி வெளியே ஊற்றியவர்கள் வரவில்லை.

தமிழர்கள் என்ற முறையில் நமக்கு நேரடியாகப் படும் இடம் ஒன்று உண்டு. கண்ணங்காட்டுப் பாலத்துக்கு அப்பால், கடற்படைத் தளத்துக்கு அருகே வாத்துருத்தி என்று ஒரு குடியிருப்பு. தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புக்கு வந்தவர்கள் பல பத்தாண்டுகளாக அங்கே நெருக்கியடித்து வாழ்கிறார்கள். கட்டட வேலை, சுமை வேலை, பழைய பொருள் பொறுக்கும் வேலை, கானை என்று இங்கே சொல்லும் சாக்கடைகளை அள்ளும் வேலை என்று இந்த நகரம் மூச்சுவிடுவதற்கு அவர்கள் கை தேவைப்படுகிறது. சிலருக்கு இங்கேயே வாக்கு உண்டு. தேர்தல் வந்தால் அவர்களைத் தேடித் தமிழில் வாக்குக் கேட்க வருவார்கள். பலருக்கு வாக்கு சொந்த ஊரில். வாக்கு இல்லாதவர் கிராம சபையிலும் உறுப்பினர் ஆக முடியாது, வார்டு கமிட்டிக்கும் அவர் கணக்கில் வரமாட்டார். எந்தக் கானையில் எந்த இடத்தில் பிளாஸ்டிக் அடைத்து நிற்கிறது என்று அதற்குள் இறங்கியவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்? அந்த அறிவு நகரத் திட்டத்துக்குள் நுழைய வாசல் இல்லை. ஃபோர்ட் கொச்சியின் வேளி பகுதியில் டச்சுக்காரர் காலத்திலேயே வந்து குடியேறிய தமிழ்ச் சலவைத் தொழிலாளர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் தோபிக்கானாவில் துணி வெளுக்கிறார்கள். ஊரைவிட்டு வந்தவர் ஊர்க்காரர் ஆவதற்கு எத்தனை தலைமுறை வேண்டும் என்பதற்குச் சட்டத்தில் ஒரு நியாயமான பதில் இருக்க வேண்டாமா?

நம் மரபைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஏரி வாரியம், குடவோலை, குடிமராமத்து என்று பெருமை பேசுவோம், பெருமைக்குரியவைதான். ஆனால் தமிழ்நாட்டின் பல ஏரிகளில் மடை திறந்து, வாய்க்கால் வழி காத்து, கடைமடை வயலுக்கும் பங்கு பிரித்து விட்டவர் நீர்பாய்ச்சி. நீர்க்கட்டி என்றும் சொல்வார்கள். பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர். ஏரியின் ஒவ்வொரு சுவாசமும் அவருக்குத் தெரியும். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்று முடிவெடுத்த கூட்டத்தில் அவருக்குச் சரிசமமாக இடம் இருந்ததில்லை. நீரை அறிந்தவர் ஒருவர், நீரை ஆண்டவர் வேறொருவர். அந்தப் பிளவைத்தான் நகரத்து வார்டு கமிட்டிகள் சாதிப் பெயர் இல்லாமல் தொடர்கின்றன.

மக்கள் பங்கேற்பு என்றால் எல்லாரும் ஒரே குரலில் நல்லதைச் சொல்வார்கள் என்று எண்ணிக்கொள்வதும் தவறு. பொக்காளி வயலையே எடுத்துக்கொள்வோம். ஜூன் தொடங்கி மழைநீர் உப்பைக் கழுவிய பிறகு உப்பைத் தாங்கும் நெல். அறுப்பு முடிந்ததும் அதே வயலில் இறால், ஏப்ரல் நடுவில் விஷு வரை. ஓதம் ஏறும்போது தூம்பைத் திறந்தால் காயல் தண்ணீரோடு இறால்குஞ்சும் உள்ளே வரும். வற்றும்போது வலை கட்டிப் பிடிப்பார்கள். தூம்பு என்பது அங்கேயும் மதகுக்குப் பெயர், நமக்கும் பழைய சொல். நெல்லில் லாபம் குறைந்து இறாலில் லாபம் கூடியபோது, சில இடங்களில் குத்தகைதாரர்கள் வருஷம் முழுதும் உப்புத் தண்ணீரை நிறுத்திவைக்கத் தொடங்கினார்கள். சுற்றியுள்ள வீடுகளின் அடியில் உப்பு ஏறியது, கிணறு கெட்டது. செல்லானம், கும்பளங்கி பக்கத்தில் இதைப் பற்றிய சண்டை பல வருஷங்களாக நடக்கிறது. ஒரு நெல், ஒரு மீன் என்ற கொள்கை அரசிடம் இருக்கிறது. ஆனால் நள்ளிரவில் தூம்பின் பலகையை எடுப்பவர் யார், போடுபவர் யார்? வயல் உரிமையாளர்களின் சங்கம் ஒருபக்கம், குத்தகைதாரர் இன்னொரு பக்கம். வயலில் ஒரு சென்ட் நிலம்கூட இல்லாமல் வரப்புக்கு அந்தப்புறம் மூன்று சென்ட்டில் குடியிருக்கும் குடும்பத்தையும் அந்தப் பலகையைப் பற்றிய பேச்சில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? சண்டை வரும். நிச்சயமாக வரும். சபையில் நடக்கும் சண்டைக்குத் தேதி உண்டு, பதிவு உண்டு, ஒரு முடிவும் உண்டு. இருட்டில் நடக்கும் சண்டைக்கு இவை எதுவும் இல்லை.

இடக்கொச்சியிலேயே ஒரு பழைய வழக்கு இருக்கிறது. கேரள கிரிக்கெட் சங்கம் இங்கே காயலோரச் சதுப்பில் சர்வதேச விளையாட்டரங்கம் கட்டத் திட்டமிட்டது. அலையாத்திகள் அழிக்கப்படுகின்றன என்று சூழலியலாளர்கள் எதிர்த்தார்கள். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வரை விவகாரம் போனது. அரங்கம் எழும்பவில்லை. ஒரு வகையில் வெற்றிதான். ஆனால் யோசித்துப் பாருங்கள்: நிலம் வாங்கி, மண்ணடிக்கத் தொடங்கி, ஊர் இரண்டுபட்டு, வழக்கும் விசாரணையும் வந்த பிறகு கிடைத்த வெற்றி. விளையாட்டரங்கம் வந்தால் வேலை கிடைக்கும் என்று நம்பிய இளைஞர்களும் இதே ஊர்க்காரர்கள்தான். முதல் லாரி மண் இறங்குவதற்கு முன்பே, இந்தச் சதுப்பு போனால் ஓதத் தண்ணீர் எங்கே போகும் என்று அவர்களையும் மீன்பிடிப்பவர்களையும் ஒரே இடத்தில் உட்கார வைத்துப் பேச இந்த வார்டில் ஒரு சபை இருந்திருந்தால் பல வருஷத்துப் பகை மிச்சமாகியிருக்கும்.

கேரளத்தின் இன்னொரு கோடியில், தமிழ் காதில் விழும் பாலக்காட்டு எல்லையில், பிளாச்சிமடையில் கொக்கோ கோலா ஆலை நிலத்தடி நீரை உறிஞ்சியபோது இரவாளர் பழங்குடியைச் சேர்ந்த மயிலம்மா போராட்டத்தின் முகமானார். 2003-ல் பெருமாட்டி ஊராட்சி ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலையின் ஓட்டம் நின்றது. நீதிமன்றப் படிகள் பல ஏறி இறங்கிய கதை அது. ஆனாலும் மறுக்கும் அதிகாரத்தில் ஒரு துளி ஊராட்சியின் கையில் இருந்ததால்தான் மயிலம்மாவின் குரலுக்குச் சாய்ந்துகொள்ள ஒரு சுவர் கிடைத்தது. மாநகராட்சியின் ஒரு வார்டுக்கு அந்தத் துளியும் கிடையாது.

கேட்காமல் எடுக்கும் முடிவுக்கு நகரம் கொடுக்கும் விலையைக் கொச்சி 2023-ல் மூச்சில் உணர்ந்தது. மார்ச் 2-ஆம் தேதி பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் பற்றிய தீ ஒரு வாரத்தைத் தாண்டியும் அணையவில்லை. நகரம் முழுக்கப் புகை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. இதில் கவனிக்க வேண்டிய செய்தி, பிரம்மபுரம் இருப்பது கொச்சி மாநகராட்சிக்குள் இல்லை. வடவுகோடு - புத்தன்குரிசு கிராம ஊராட்சியில். குப்பை போட்டவர்களின் வாக்கு ஓரிடத்தில், அதன் நாற்றத்தில் வாழ்ந்தவர்களின் வாக்கு வேறிடத்தில். பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைக் கிடங்குகளை அறிந்த சென்னைக்காரர்களுக்கு இது புரியும். தீக்குப் பிறகு கொச்சியில் குப்பையைப் பிரித்து வாங்கும் வேலை சூடுபிடித்தது. அதைச் செய்தவர்கள் ஹரித கர்ம சேனைப் பெண்கள். வீடு வீடாகப் போய் ஒரு கவரில் மக்காத குப்பையை வாங்கிக்கொள்பவர்கள். எந்தத் தெருவில் எந்த வீடு பிரிக்காமல் கொடுக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். நகரத்தின் குப்பைத் திட்டம் தீட்டப்படும் அறையில் அவர்களுக்கு நாற்காலி போட்டுத் தேநீர் கொடுத்துக் கேட்க வேண்டும். வேலை வாங்குவதற்கு மட்டும் அவர்களைக் கூப்பிடுவது அவர்களின் அறிவை அவமதிப்பது.

இதற்குப் பொறியாளர்கள் ஒரு மறுப்புச் சொல்வார்கள். மக்களைக் கேட்டால் சுவர் கட்டு என்பார்கள், அந்தச் சுவர் அடுத்த ஊரைக் கெடுக்கும் என்பார்கள். இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. இடக்கொச்சிக்கு மேற்கே சில கிலோமீட்டரில் செல்லானம் கடற்கரை. 2017 ஒக்கி, 2021 டவ்தே புயல்களில் கடல் வீடுகளுக்குள் புகுந்த ஊர். மக்கள் நீண்ட காலம் தொடர் உண்ணாவிரதம் இருந்து போராடிய பிறகு, 344 கோடி ரூபாய்த் திட்டத்தில் ஏழு கிலோமீட்டருக்குச் சற்று மேல் டெட்ராபாட் எனும் கான்கிரீட் கட்டிகளாலான அரண் எழும்பியது. அரண் உள்ள பகுதியில் நிம்மதி வந்தது. அது முடிந்த இடத்துக்கு வடக்கே கண்ணமாலி, செறியகடவு பக்கம் கடல் முன்பைவிடக் கடுமையாக அரிக்கிறது என்று அங்குள்ளவர்கள் இப்போது சாலைக்கு வந்து போராடுகிறார்கள். இதிலிருந்து நான் கற்பது, மக்களைக் கேட்கக் கூடாது என்பதை அல்ல. அரண் எந்த இடத்தில் முடிய வேண்டும் என்ற பேச்சு நடந்தபோது, அது முடியும் இடத்துக்கு அடுத்த வீட்டுக்காரரும் அந்த அறையில் இருந்திருக்க வேண்டும். பொறியாளர் தன் வரைபடத்தை அவர் முன்னால் விரித்து, இங்கே நிறுத்தினால் உங்கள் பக்கம் இன்னது நடக்கும் என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும். மக்களுக்கு நிபுணர் தேவை. நிபுணருக்கு மக்கள் அதைவிடத் தேவை.

தமிழ்நாட்டில் 2022-ல் நகர்ப்புற வார்டு குழு, பகுதி சபை விதிகள் வந்தன. ஒவ்வொரு வார்டும் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, அந்தப் பகுதியின் வாக்காளர் அனைவரும் பகுதி சபையில் இடம்பெற வழி பிறந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி, உள்ளாட்சி தினத்தன்று, பகுதி சபைகள் முதன்முறையாகக் கூடின. பகுதிப் பிரதிநிதிகளை மன்றமே நியமிப்பது, கூட்டங்கள் ஒப்புக்கு நடந்து முடிவது என்று குறைகள் நிறைய. ஆனாலும் பெருநகரவாசிக்கும் சபை உண்டு என்பதை ஒரு மாநிலம் எழுத்தில் ஏற்றுக்கொண்டது பெரிய விஷயம். மக்கள் திட்டமிடலைப் பிற மாநிலங்களுக்குக் கற்றுக்கொடுத்த கேரளம், இதில் நம்மிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்வதில் தயங்க வேண்டியதில்லை. எடுக்கும்போது நம் குறைகளைத் திருத்தியே எடுக்கலாம்: வாக்காளர் என்ற சொல்லுக்குப் பதிலாகக் குடியிருப்பவர் என்று எழுதினால் வாத்துருத்தித் தமிழரும் உள்ளே வருவார், வாடகை வீட்டுக்காரரும் வருவார். கூட்டத்தை ஞாயிறு மாலைக்கு மாற்றினால் ஷெட்டுப் பெண்கள் வருவார்கள். மாடியில் வைக்காமல் சக்கர நாற்காலி ஏறக்கூடிய இடத்தில் வைத்தால் மாற்றுத்திறனாளிகள் வருவார்கள். கேட்ட கோரிக்கைக்கு ஆம், இல்லை, ஏன் என்று இத்தனை நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும் என்ற ஒரு விதியை மட்டும் சேர்த்தால், ஒருமுறை வந்தவர் மறுமுறையும் வருவார். இந்தக் கடைசி விதிக்கு நான் எல்லாவற்றையும்விட அதிக மதிப்புத் தருவேன். மக்கள் சபைக்கு வராமல் போவதற்குச் சோம்பல் காரணமில்லை. போன முறை சொன்னது என்னவாயிற்று என்று தெரியாமல் இருப்பதுதான் காரணம்.

காயலுக்கென்று தனியாக ஒன்றும் வேண்டும். இடக்கொச்சியும் கும்பளங்கியும் கும்பளமும் அரூரும் மாநகராட்சி, ஊராட்சி, மாவட்டம் என்று மூன்று விதமான கோடுகளால் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஓதத்துக்கு இந்தக் கோடுகள் தெரியாது. இந்த நான்கு கரைகளின் சபைகளும் வருஷத்தில் ஒருநாளாவது, விருச்சிகம் பிறப்பதற்கு முன், ஒன்றாகக் கூடி எந்தத் தோட்டைத் தூர்வாருவது, எந்தத் தூம்பை எப்போது அடைப்பது, யார் வீட்டை உயர்த்தப் பணம் கொடுப்பது என்று பேசட்டும்.

காலை எட்டு மணிவாக்கில் தண்ணீர் வற்றத் தொடங்கியது. சேச்சி தரையைத் துடைப்பத்தால் தள்ளி, டெட்டால் தெளித்து, ஷெட்டுக்குக் கிளம்பத் தயாரானார். சுவரில் இருந்த கோடுகளை எண்ணினேன், பதினேழு. அவற்றைத் தேதியோடு என் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டேன். தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள் என்றவர், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, எழுதி எடுத்துப் போய் எங்கே கொடுப்பீர்கள் என்று கேட்டார்.